காவற்பொறியை நிறுவினால் போதுமா?

இணைய வழங்கி ஒன்றை நிறுவுதல் இக்காலத்து அரிய வினையன்று. பழைய கணிப்பொறி ஒன்றும், விலையின்றிக் கிடைக்கும் இலினக்சு இயங்குதளமும், அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளும் இருப்பின், ஓரளவு பயின்ற இளைஞர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் அதனை இயங்கச் செய்துவிடுவார். தாம் எழுதிய பக்கம் உலகின் எம்மூலையிலும் திறக்கக் கண்டு உள்ளம் பூரிப்பார். அப்பூரிப்பை யாம் குறைகூற வரவில்லை. ஆயின், அவர் உறங்கச் சென்ற அவ்விரவிலேயே, முகமறியாப் பொறிகள் பல அவ்வழங்கியின் கதவைத் தட்டிக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கும் என்பதை எத்துணைப் பேர் அறிவர்? மறுநாட் காலை அதன் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் எத்துணைப் பேர்?

“எம்மிடம் களவாட என்ன இருக்கின்றது? யாமோ சிறு நிறுவனம். எம்மை எவன் நாடி வருவான்?” என்பார் பலர். இது பேதைமை. ஊடுருவுவோன் உம் பொருளை வேண்டி வருவதினும், உம் வீட்டை வழியாகக் கொண்டு பிறர் வீட்டிற்குச் செல்லவே பெரிதும் வருகின்றான். இதற்கு வரலாறே சான்று.

1986 ஆம் ஆண்டு ஆகத்து மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள இலாரன்சு பெர்க்கிலி ஆய்வகத்தில், கணிப்பொறிப் பயன்பாட்டுக் கணக்கில் எழுபத்தைந்து காசு இடித்தது. ஒரு தாலர் அளவும் இல்லாத அவர்கள் நாட்டுச் சில்லறை அது. வானியல் பயின்று அங்குப் பணிபுரிந்த கிளிப்போர்டு இசுட்டோல் என்பார், அதனைத் தள்ளுபடி செய்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ‘ஏன் இடிக்கின்றது?’ என்று கேட்டார். அவ்வொரு கேள்வியே, எவரோ ஒருவன் உள்ளே புகுந்து உலவுகின்றான் என்பதைக் காட்டிக் கொடுத்தது.

அவர் அடுத்துச் செய்தது இன்னும் கருதத்தக்கது. ஒரு கிழமையின் ஈற்றில், அலுவலகத்திலிருந்த அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் திரட்டி வந்து, வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பிகளில் பூட்டினார். வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் பதிந்தது. கணிப்பொறிக்கு உள்ளே காவல் வைத்திருந்தால் கள்வன் அதனைக் கண்டு அழித்திருப்பான்; வெளியே வைத்தமையால் அவன் அறியவே இல்லை. மேலை செருமனியின் அனோவர் நகரிலிருந்து வந்த அவன், அவ்வாய்வகத்தைப் படிக்கட்டாகக் கொண்டு, ஏறத்தாழ 450 கணிப்பொறிகளைத் தாக்க முயன்று, முப்பதுக்கும் மேற்பட்டவற்றுள் நுழைந்தான். அவன் தேடியவை படைத்துறைச் செய்திகள். அவற்றை வாங்கியது சோவியத்து உளவுத்துறை. அவனும் அவன் கூட்டாளிகளும் 1990 இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயினர். வானியலாய்வும் இயற்பியலாய்வும் நடந்த அவ்விடத்தில் கமுக்கம் ஏதுமில்லை. எனினும் கள்வனுக்கு அது பயன்பட்டதன்றோ?

இன்னொன்றையும் மறைத்தல் கூடாது. அவன் தலைமை உரிமையைக் கைப்பற்றியது, ஈமாக்சு என்னும் திறந்த மென்பொருளுடன் வந்த சிறு நிரலொன்றின் வழியே. அந்நிரலுக்கு வேண்டாத அளவு உரிமை கொடுத்து நிறுவியிருந்தனர். நிரல்வரிகள் யாவர்க்கும் திறந்திருத்தல் நல்லது. காவலனின் உள்ளுறுப்பையும் நாமே ஆராயலாம் என்பதனாலேயே இலினக்சை யாம் போற்றுகின்றோம். ஆயின், திறந்த நிரல் தானே தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது மயக்கம்.

இசுட்டோல் கையால் செய்ததை இன்று மென்பொருள்கள் செய்கின்றன. அதே பெர்க்கிலி ஆய்வகத்தில் 1995 இல் வெர்ன் பாக்சன் தொடங்கிய ‘பிரோ’ 2018 முதல் ‘சீக்’ என வழங்குகின்றது. 1998 இல் ‘இசுனார்ட்டு’ வெளிவந்தது. 2010 இல் ‘சூரிகாட்டா’வின் முதற்பதிப்பு வந்தது. வலையத்திற் செல்லும் ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தையும் பிரித்து, அறியப்பட்ட தாக்குதல்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டு, ஒத்ததாயின் இவற்றுள் பின்னிரண்டும் கூவும். நல்ல காவற்பொறிகளே, விலையும் இல்லை. ஆயின், இவற்றை நிறுவியதோடு காவல் முடிந்தது என்று எண்ணுவோரை நோக்கியே இதனை எழுதுகின்றோம்.

2013 இறுதியில் அமெரிக்காவின் தார்கெட்டு என்னும் பேரங்காடி நிறுவனத்தில் நான்கு கோடிக் கடனட்டைகள், பற்றட்டைகளின் செய்திகள் களவாயின. காவற்பொறி இல்லையா? இருந்தது, கூவவும் செய்தது. கேட்டு எழுந்து வினையாற்றுவார்தாம் இல்லை. கள்வர் நுழைந்த வழி எது தெரியுமா? அந்நிறுவனத்திற்குக் குளிரூட்டும் பொறிகளைப் பேணிய சிறு நிறுவனம் ஒன்றின் கடவுச்சொல். ‘எம்மை எவன் நாடி வருவான்’ என்போர் இதனை நெஞ்சில் எழுதிக்கொள்க.

2017 இல் ஈக்குவிபாக்சு என்னும் கடன்மதிப்பீட்டு நிறுவனத்தில் 14 கோடியே 70 இலக்கம் மக்களின் தன்விளக்கங்கள் பறிபோயின. மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சு மாதமே வெளிவந்திருந்தது, அடைத்தாரில்லை. மே மாதம் புகுந்த கள்வர் சூலை ஈறுவரை உலவினர். மறைகுறியாகச் செல்லும் செய்திகளைப் பிரித்து நோக்க வேண்டிய காவற்பொறியின் சான்றிதழ் காலங் கடந்து கிடந்தமையால், அது எதனையும் பாராமலே போகவிட்டுக்கொண்டிருந்தது. சான்றிதழைப் புதுப்பித்த அன்றே கள்ளத்தனம் கண்ணிற் பட்டது! ஓரிடத்தில் கூவியதைக் கேட்பாரில்லை. மற்றோரிடத்தில் காவலன் குருடானதை அறிவாரில்லை. இசுட்டோலிடமோ காவற்பொறியே இல்லை. ஆயினும் கள்வன் பிடிபட்டான். வேறுபாடு பொறியில் இல்லை. மாந்தனின் விழிப்பில் உள்ளது.

ஆகலின், வழங்கி நிறுவுவோர் செய்தற்குரியன இவை. பக்கம் வழங்கும் 80, 443 ஆம் வாயில்களைத் தவிர ஏனையவற்றை அடைக்க. தொலைவிலிருந்து ஆளும் 22 ஆம் வாயிலில் கடவுச்சொல்லை ஒழித்துத் திறவுகோற் கோப்பையே கொள்க. தலைமைப் பயனர் நேரே நுழைதலைத் தடுக்க. திருத்தங்களை வந்தவுடன் இடுக. இசுனார்ட்டையோ சூரிகாட்டாவையோ வழங்கியினுள் வையாது, அதன் போக்குவரத்தின் படி வந்துசேரும் வேறு பொறியில் வைக்க. மறைகுறியிட்டுச் செல்லும் செய்தியின் உள்ளீட்டை அது காண இயலாது. ஆதலின், கோப்புகள் மாறினவா எனச் சரிபார்க்கும் ஏய்டு போன்ற மென்பொருளை வழங்கியிலேயே இயக்கி, அதன் ஒப்புநோக்குப் பட்டியலை வெளியே வைக்க. பதிவேட்டையும் உடனுக்குடன் வேறு பொறிக்கு அனுப்புக. கள்வன் முதலில் அழிப்பது தன் காலடிச் சுவட்டையே.

நாள்தோறும் ‘புலி, புலி’ என்று கூவிய சிறுவன் கதையை மறவற்க. உம்மிடம் இல்லாத மென்பொருளுக்குரிய விதிகளையெல்லாம் இயக்கி வைத்தால், ஓராயிரம் வெற்றுக் கூவல்களிடையே மெய்க்கூவல் புதைந்துபோகும். வேண்டாதவற்றை நீக்குக. திங்களுக்கு ஒருமுறை நீரே தீங்கற்ற பொய்த்தாக்குதல் ஒன்றைச் செய்து, காவற்பொறி கூவுகின்றதா என ஆய்க. எல்லாவற்றினும் மேலாக, இன்னார் இன்ன வேளையில் பதிவேட்டைப் படிப்பார் என வரையறுக்க. ஐயம் எழுந்தவிடத்து இணைப்பைத் துண்டிக்கும் உரிமையையும் அவருக்கே அளிக்க.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. நாளொன்றுக்கு அரைமணி நேர உழைப்பு வேண்டும். அதனைத் தர ஒருவரேனும் இல்லாத நிறுவனம், தன்னை நம்பிப் பெயரும் முகவரியும் தந்த மக்களின் பட்டியலை வழங்கியில் ஏற்றாதிருப்பதே அறம். பிறர் பொருளைக் காப்பதாக ஏற்றுக்கொண்டவன் உறங்குவது மடிமை மட்டுமன்று; நம்பினோர்க்குச் செய்யும் கேடுமாகும். எழுபத்தைந்து காசையும் விடாது கேட்ட அக்கேள்வியை ஒவ்வொரு காலையும் கேட்போமாக!