பிளஸ் ஒன் பாடம் எங்கே போச்சு?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் என் போன் ஓய்வதில்லை. "டீச்சர், பாப்பாவ எந்த நீட் ஸ்கூல்ல சேக்கறது? திருப்பதியா, நெல்லூரா, இல்ல நாமக்கல் பக்கமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். படிக்காமல் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி எந்த ஊர், எந்த ஸ்கூல் என்பதில்லை. சேர்க்கப் போகிற பள்ளியின் அலுவலகத்தில் உட்கார்ந்து, "பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பதினொன்றாம் வகுப்பில் நடத்துவீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் மாநிலத்தில் ஊரறிந்த ரகசியம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, மே மாத வெயிலிலேயே பிள்ளைகள் கையில் பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிளஸ் ஒன் புத்தகம் பைக்குள் புதுவாசனையோடு அப்படியே இருக்கும். அதிகாரி பார்வைக்கு வரும் நாளில் மட்டும் மேஜைக்கு வரும். இரண்டு வருஷமும் ஒரே புத்தகத்தை அரைத்தால் மார்க் கொட்டாமல் என்ன செய்யும்? ரிசல்ட் அன்று பேருந்து நிலையம் முழுக்க பேனர். 2017இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இந்தத் திருட்டுத்தான் முக்கியமான காரணம். ஆனால் அடுத்த ஆண்டே, 2018இல், அந்த மார்க் மேற்படிப்புக்குச் சேராது என்று அறிவித்தார்கள். பாதி உயிர் அப்போதே போயிற்று. இப்போது மாநிலக் கல்விக் கொள்கைப்படி 2025-26லிருந்து அந்தத் தேர்வே இல்லை.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பாரம்தான். அதை எடுத்ததற்கு நான் அழவில்லை. பூட்டை எடுத்தவர்கள் காவலுக்கு யாரை வைத்தார்கள் என்றுதான் கேட்கிறேன். பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா என்று இனி யார் பார்ப்பது? எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் புத்தூரிலும் இருக்கிற நம் சொந்தக்காரப் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே ஜூனியர் இன்டர், சீனியர் இன்டர் இரண்டுக்கும் பொதுத்தேர்வு. முதல் வருஷத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆந்திரா பிள்ளைகள் நுழைவுத் தேர்வில் கெட்டி என்று இங்கே வாய் பிளக்கிறோமே, அதில் அந்த முதல் வருஷத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மார்க். சரியான விடைக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிப்பார்கள். ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகின்றன. சுவாசம், ரத்த ஓட்டம், சிறுநீரகம், நரம்பு என்று மனித உடலியங்கியல் முழுக்கப் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. நியூட்டன் விதி, வெப்பம், அலை எல்லாம் அங்கேதான். வேதியியலில் மோல் கணக்கும் பிணைப்பும் அங்கேதான். இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகும் பிள்ளை, 90 மீட்டர் பின்னால் நின்றுகொண்டு 180 மீட்டர் ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறது. பிறகு பெயில் என்றதும், "உனக்கு மண்டையில ஏறல" என்று அந்தப் பிள்ளையையே திட்டுகிறோம். ஏறவில்லையா, ஏற்றவே இல்லையா?

அப்புறம் என்ன? "ஒரு வருஷம் டிராப் போடு." ஏ.கே. ராஜன் குழு அறிக்கையைப் பாருங்கள். 2020-21இல் நம் மாநிலத்தில் மருத்துவம் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ எழுதியவர்கள். 2016-17இல் இது நூற்றுக்குப் பன்னிரண்டு சொச்சம்தான். நீட் என்ற தேர்வே பணமும் வருஷமும் உள்ளவனுக்குச் சாதகம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனக்கும் நீட் வேண்டாம் என்பதே எண்ணம். 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதாவை 2017இல் இழந்தோம், அது ஆறாத புண். ஆனால் சட்டசபையும் கோர்ட்டும் தீர்த்து வைக்கும் வரை இந்த வருஷம் பரீட்சை எழுதுகிற பிள்ளை காத்திருக்க முடியாதே. டிராப் போடும் அந்த ஒரு வருஷத்தில் கோச்சிங் சென்டர்காரன் என்ன நடத்துகிறான் தெரியுமா? பெரும்பாலும் அதே பிளஸ் ஒன் பாடம். அரசு இலவசமாகக் கொடுத்த புத்தகத்தில் இருந்ததை, லட்ச ரூபாய் கட்டி வாங்கிக்கொள்கிறோம்.

நம்ம பக்கத்து நெசவாளி வீடு ஒன்று, பெயர் வேண்டாம். தறி ஓட்டிச் சேர்த்த பணமும் தாலிக்கொடியும் போய், மகளை எல்லை தாண்டி ஒரு விடுதியில் விட்டார்கள். மாதம் ஒருநாள் பார்க்கலாம். மார்க் குறைந்ததும் பிள்ளையைக் கடைசி செக்‌ஷனுக்குத் தள்ளினார்கள். அந்த செக்‌ஷனுக்கு நல்ல வாத்தியார் வருவதில்லை. ஏழு மாதத்தில் பத்துக் கிலோ இளைத்துத் திரும்பி வந்தது. கட்டிய பணத்தைக் கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்களாம். அந்தப் பிள்ளை இப்போது திருத்தணியில் பி.எஸ்சி. படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். கடன்தான் தீரவில்லை.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 16 வயதுக்குள் இருப்பவர்களைக் கோச்சிங் சென்டரில் சேர்க்கக் கூடாது, ரேங்க் வாங்கித் தருகிறோம் என்று உத்தரவாதம் கொடுக்கக் கூடாது, பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் படிக்கப் போன 17 வயதுப் பெண் இறந்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் பேசியது. மார்க்கை வைத்துப் பிள்ளைகளை செக்‌ஷன் பிரிப்பதையும், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்கச் சொன்னது. இந்த இரண்டையும் அச்செடுத்து அட்மிஷன் மேஜையில் வையுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு "பவுண்டேஷன்" என்று நோட்டீஸ் கொடுக்கிறவர் முகத்தைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020லிருந்து இருக்கிறது. மறு வருஷம் இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் "இங்கிலீஷ் மீடியம் வேணும், கோச்சிங் வேணும்" என்று தனியாருக்கு மாற்றினீர்களானால், அந்தக் கதவு உங்கள் பிள்ளைக்கு மூடிவிடும். பிறகு பிளஸ் ஒன்னில் திரும்பி வந்தாலும் திறக்காது. போன வருஷம் இதைச் சொன்னபோது ஒரு மாணவன், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், "தெரியாதே டீச்சர்" என்றான். யாரும் நோட்டீஸ் அடித்துச் சொல்வதில்லை. இதில் கமிஷன் கிடையாது பாருங்கள்.

இன்ஜினியரிங்தானே, அதற்கு நுழைவுத் தேர்வே இல்லையே, பிளஸ் டூ மார்க் போதுமே என்பார்கள். உண்மைதான். 2007லிருந்து மாநிலக் கவுன்சிலிங்கில் நுழைவுத் தேர்வு இல்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கை 200க்குக் கணக்கிட்டு சீட் கொடுக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதனால் கரையேறினார்கள். ஆனால் முதல் செமஸ்டரில் கணக்கு அரியர் ஏன் விழுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? திரிகோணமிதியும் எல்லையும் வகையிடலும் தொடங்குவது பிளஸ் ஒன்னில். சென்டம் வாங்கின பிள்ளை கல்லூரியில் முதல் வாரமே முழிக்கிறது.

சோளிங்கர் கல்யாணத்தில் ஒரு உறவுக்காரர் கேட்டார்: "அத்தை, நீங்க செகண்டரி கிரேடு டீச்சர். நீட் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" நல்ல கேள்விதான். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், எட்டாம் வகுப்புக்கு மேல் நடத்தியதில்லை. ஆனால் பின்னமும் விகிதமும் தெரியாத பிள்ளைக்கு மோல் கணக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஒரு பத்தியைப் படித்து அர்த்தம் சொல்ல வராத பிள்ளை, நாலு வரிக் கேள்வியில் 'தவறானது எது' என்று கேட்டால் சரியானதைக் கட்டம் கட்டிவிட்டு வரும் என்றும் தெரியும். ஐந்தாம் வகுப்பில் விட்ட இடத்தைப் பதினொன்றில் பிடிக்கலாம். பதினொன்றையே விட்டால் எங்கே போய்ப் பிடிப்பது? ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழார் நடந்த மண் இது. நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல நெல்லூரிலிருந்துதான் ஆள் வர வேண்டுமா?

என் மாணவர்களில் பதினாலு பேர் இன்று ஆசிரியர்கள். அதில் சிலர் தனியார் பள்ளியில். உங்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். நிர்வாகம் சொன்னால் என்ன செய்வது டீச்சர் என்பீர்கள். சம்பளம் அங்கேதான் என்று எனக்கும் புரிகிறது. ஆனாலும் வாரத்துக்கு மூன்று பீரியடாவது பிளஸ் ஒன் பாடத்தை நடத்துங்கள். பெற்றோர்கள் ஆகஸ்டில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை பிள்ளையின் இயற்பியல் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். நியூட்டன் இருக்கிறாரா, கூலும் இருக்கிறாரா என்று பார்த்தால் போதும். ஆகஸ்டிலேயே கூலும் வந்துவிட்டால் பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

பாடநூல்கள் பி.டி.எஃப். ஆக இணையத்தில் இலவசம். பழைய நீட் கேள்வித்தாள்களும் அப்படியே. 2018இல் வந்த நம்ம பிளஸ் ஒன் புத்தகங்கள் தடிமன்தான், ஆனால் நல்ல புத்தகங்கள். யார் வீட்டிலாவது பரணில் கிடந்தால் என்னிடம் கொடுத்துவிடுங்கள், கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வேதியியல்தான் இரண்டு செட் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் மார்க் ஷீட்டை வைத்துவிட்டு நோட்டைக் கொண்டு வாருங்கள்.