மோவா சொல்லும் பாடம்

நியூசிலாந்தில் மோவா என்றொரு பறவை இருந்தது. சிறகே கிடையாது. பெரிய வகையில் பெட்டை 200 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கழுத்தை நிமிர்த்தினால் சுமார் 12 அடி உயரம்.

மனித வாடையே அறியாத அந்தத் தீவுகளில், சுமார் 1300-ஆம் ஆண்டில் மாவோரிகளின் முன்னோர் படகில் வந்து குடியேறினர். துப்பாக்கி இல்லை, ஆட்களும் சில ஆயிரம் பேர்தாம். ஆனாலும் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குள் மோவா பூண்டோடு அழிந்தது. அதை இரையாக நம்பியிருந்த ராட்சதக் கழுகும் மறைந்தது.

இதைப் பேராசை என்று பழிப்பது நியாயமல்ல. வந்தவர்களுக்குப் பசி. ஊர் நிலைத்ததும் தினமும் அடுப்பெரிய வேண்டியிருந்தது. பறவையையும் தின்றார்கள், முட்டையையும் தின்றார்கள். மோவா வளர்ந்து முட்டையிடவோ பல ஆண்டுகள் பிடிக்கும். வரவு குறைவு, செலவு அதிகம், முதலே கரைந்துவிட்டது.

ஓரிடத்தில் வேட்டையையும் மீன்பிடிப்பையும் சில காலம் நிறுத்தி வைக்கும் வழக்கம் மாவோரிகளிடம் உண்டு. 'ராஹூயி' என்பார்கள். அவ்வழக்கம் இன்றும் இருக்கிறது, மோவாதான் இல்லை.

நம் கடற்கரைகளிலும் மீன்பிடித் தடைக்காலம் என்றால் முணுமுணுப்பு எழுகிறது. தடை அவசியமே. ஆனால் அந்நாட்களில் மீனவர் வீட்டு அடுப்பு அணையாமல் பார்ப்பதும் அரசின் கடமை. பசித்தவனிடம் பொறுமையை மட்டும் கேட்டால் நடக்குமா?