இரண்டு ஸ்ரீ

ஸ்ரீவில்லிபுத்தூர். 2019இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு, 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் என்று இந்த ஊர்ப்பெயர் பதிவேடுகளில் ஏறிக்கொண்டே இருக்கிறது. மதுரையில் இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ உட்கார்ந்து தமிழ்ப் படிவங்களைச் சோதிப்பவர்கள் அதை டிராப் டவுன் பட்டியல்களில் அடிக்கடி பார்த்திருப்பார்கள். பார்த்து, சரி என்று குறித்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். வழு அங்கேயே இருந்திருக்கும்.

யூனிகோடில் 2005 வரை ஶகரத்துக்கு இடமே கிடையாது. ஸ்ரீயை ஸகரத்தை வைத்து எழுதினோம்; குறியீட்டெண்களில் சொன்னால்: 3000, 3021, 2992, 3008. அந்த ஆண்டு வந்த 4.1 பதிப்பு ஶகரத்தை 2998இல் சேர்த்தது. வடமொழி ஒலிப்படி அதுவே பொருத்தம் என்பதால், அதில் தொடங்கும் வரிசையே சிறந்தது என்று ஆயிற்று. பழைய வரிசை ஒழிந்துவிடவில்லை. இன்றும் இரண்டும் புழங்குகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் தெரிகின்றன.

கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள். ஒரு வரிசையில் சேமித்த ஊரை மற்றொரு வரிசையில் தட்டித் தேடினால், பட்டியல் காலியாக நிற்கும். இரண்டு மூலங்களிலிருந்து தரவு வந்திருந்தால் ஒரே ஊர் இரண்டு முறை வரும். தரவுத்தளத்தின் தனித்துவக் கட்டுப்பாடும் தடுக்காது. குறியீட்டெண் வரிசையில் அடுக்கினால் நடுவில் ஷகரம் வேறு புகுந்துகொள்ளும். தமிழ்99 விசைப்பலகையில் ஸ்ரீக்கு ஒரே விசை. அதை அழுத்தினால் எந்த வரிசை வரும் என்பது அந்த விசைப்பலகை நிரலை எழுதியவரின் முடிவு. சோதிப்பவரும் உருவாக்கியவரும் ஒரே கருவியில் தட்டினால், ஆயிரம் முறை சோதித்தாலும் இது பிடிபடாது.

இங்கே நம் துறையில் ஒரு தவறான நிம்மதி நிலவுகிறது: ‘நார்மலைசேஷன் போட்டாயிற்று.’ கொகரத்தின் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் அது ஒன்றாக்கிவிடும், உண்மைதான். இரண்டு ஸ்ரீயையும் அது தொடவே தொடாது. ஏனென்றால் தரத்தின்படி அவை சமமான வரிசைகள் அல்ல. பயனர் நலனுக்காக இரண்டையும் ஒன்றாகக் கொள்வது நல்லது என்று யூனிகோடு நூலே சொல்கிறது. ஆனால் அதைச் செய்யவேண்டியது நிரலாளர்தான்.

சேமித்த பெயரை மாற்றி எழுதாதீர்கள். பத்திரத்திலும் சான்றிதழிலும் இருக்கும் பெயர் அப்படியே இருக்கட்டும். ஒப்பிடுவதற்கு மட்டும் தனித் தேடல் வடிவம் ஒன்றை உருவாக்கி, அதில் அந்த நான்கெண் வரிசையை ஒருமுகப்படுத்துங்கள். ஶகரம் வரும் இடமெல்லாம் ஸகரமாக்கினால், வடமொழி நூல்களைத் தமிழ் எழுத்தில் வைத்திருக்கும் நூலகப் பட்டியல்கள் கெட்டுப்போகும்.

திருவில்லிபுத்தூர் என்ற வடிவமும் அரசு வழக்கில் உண்டு. அதை எந்த எண் வித்தையும் சேர்த்துத் தராது. ஊர்ப்பெயரையே திறவுகோலாக வைக்கும் வழக்கம்தான் அடிப்படைக் கோளாறு. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத்தொகுப்பு மாவட்டம், வட்டம், ஊர் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருகிறது. மெனுவின் உள்ளே அந்த எண் இருக்கட்டும். பெயர் வெளியே தெரியும் முகப்பாக மட்டும் இருக்கட்டும். அதுவரை, உங்கள் சோதனைக் கோப்பில் இரண்டு ஸ்ரீவில்லிபுத்தூரையும் எண்களாகவே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.