மலைப்பயணத்திற்கேற்ற பாண்டம்

ஏரியூரினின்று ஒகேனக்கல் பக்கத்து மலைகளுக்கு மூட்டை சுமந்து நடந்து செல்ல விரும்பும் மாணவ நண்பர்காள்! உங்கள் சமையற் பாண்டம் எத்தகையதாயிருத்தல் வேண்டும்?

ஒரே பருமனுள்ள பித்தளை, அலுமினியத்தினும் மும்மடங்கு கனமுடையது. 1898-ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரெட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அவ்விலேசான உலோகமே வழிநடைக்கு ஏற்றது. எனினும், பூச்சில்லாத அலுமினியத்தைப் புளி அரிக்குமாதலின், அதில் குழம்பை விடுத்துக் கஞ்சியும் வெண்பொங்கலும் ஆக்குக.

உலோகத்தினும் முக்கியமானது எண்ணிக்கையாம். மூடியுள்ள ஒரே பாண்டம் நால்வருக்குப் போதும். மூடி வெப்பத்தைக் காத்து எரிபொருளை மிச்சப்படுத்தும், உண்ணுங்கால் தட்டுமாகும். மிகையான ஒவ்வொரு பாத்திரமும் ஏற்றத்தில் ஒருவர் தோளையே அழுத்துகின்றது. அவர் பெரும்பாலும் மறுத்துரைக்கக் கூசும் இளையவரே. ஆதலின் பாண்டத்தைக் குறைத்தல் தோழமைக்குரிய கடமை என்பதே எம் துணிபு.