புதிய தலைவரை வரவேற்போம், வாசல் யாருக்குத் திறக்கிறது என்றும் கேட்போம்



ஒரு கல்லூரிக்குப் புதிய தலைவர் வந்தால் மாலை போடுவார்கள், வாழ்த்துரை வழங்குவார்கள், பத்திரிகையில் படம் வரும். பெரிய இடத்துச் சங்கதி, நமக்கென்ன என்று நாமும் போய்விடுவோம். பிள்ளையை உயர்கல்விக்கு அனுப்பப் பாடுபடும் பெற்றோர் அப்படிப் போய்விடக் கூடாது. அந்த நாற்காலியில் அமர்கிறவர் யார், அமர்ந்து என்ன செய்கிறார் என்பது ஏழை வீட்டுப் பிள்ளையின் வாழ்வைத் தொடும் விஷயம். அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பாருங்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி இருக்கிறது. இது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி வகையைச் சேர்ந்தது. ஒரே தொழிலுக்கு மட்டும் பயிற்சி தராமல், வரலாறு, கணிதம், மொழி, அறிவியல், சமூகவியல் எனப் பல துறைகளையும் படிக்க வைத்துச் சிந்திக்கப் பழக்குவது இத்தகைய கல்லூரிகளின் நோக்கம். 2023 ஜூலை 1 அன்று இக்கல்லூரியின் 12ஆவது தலைவராகச் சேரா வில்லி-லெப்ரெட்டன் பொறுப்பேற்றார். கறுப்பினப் பெண்மணி, சமூகவியல் அறிஞர்.

மகிழ்ச்சியோடு வரவேற்க வேண்டிய செய்திதான். ஆனால் தேதியைக் கவனியுங்கள். அதற்கு இரண்டே நாள் முன்பு, ஜூன் 29 அன்று, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஒரு பக்கம் நாற்காலி கிடைக்கிறது, மறுபக்கம் வாசல் குறுகுகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

முதலில் வரலாறு. ஸ்மித் கல்லூரி 1875இல் 14 மாணவிகளோடு தொடங்கியது. அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஒட்டிலியா குரோம்வெல். ஆண்டு 1900. ஒரு கறுப்பினப் பெண் மாணவியாகப் பட்டம் பெற 25 ஆண்டுகள் ஆயின. இன்னொருவர் தலைவராக வர மேலும் 95 ஆண்டுகள் ஆயின. 1995இல் அப்படி வந்தவர் ரூத் சிம்மன்ஸ்.

யார் இந்த ரூத் சிம்மன்ஸ்? 1945இல் டெக்சஸ் மாநிலத்தில், குத்தகைக் கூலிக் குடும்பத்தில், 12 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். நிலம் முதலாளியுடையது, பாடு இவர்களுடையது. விளைச்சலில் ஒரு பங்குதான் கூலி. விதைக்கும் வீட்டுச் சாமானுக்கும் முன்கடன் வாங்கி, அறுவடையில் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காத வாழ்க்கை அது. தோட்டத்துக் கடைக் கணக்கைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு குடும்பம் ஹூஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தார். மகள் உதவித்தொகையில் படித்து, 1973இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

'ஏழை வீட்டுப் பெண் எவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டார்!' என்று இதோடு நிறுத்திவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். ஒருவர் மேலே போனதால் மட்டும் ஒரு சமுதாயம் மேலே போவதில்லை. மேலே போனவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளிலேயே முதல் பொறியியல் பட்டப்படிப்பு ஸ்மித்தில் தொடங்கியது அவர் காலத்தில்தான். சம்பளமில்லாத வேலைப் பயிற்சிக்குப் போகும் மாணவிகளுக்குக் கல்லூரியே பணம் கொடுக்கும் திட்டமும் அவர் காலத்தில் வந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விடுமுறையில் சம்பளமில்லாமல் பயிற்சி பெறலாம். கூலி வேலை செய்து வீட்டுக்கு உதவ வேண்டிய பிள்ளையால் முடியுமா? அந்த இடைவெளியை உணர்ந்து போட்ட திட்டம் அது.

2001இல் அவர் பிரவுன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அங்கே 2003இல், அப்பல்கலைக்கழகத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் இருந்த தொடர்பை ஆராய ஒரு குழுவை அமைத்தார். 2006இல் அறிக்கை வெளியானது. தன் நிறுவனத்தின் பழைய பாவத்தைத் தானே தோண்டி எடுக்க எத்தனை தலைவர்களுக்குத் துணிவு வரும்?

இனி 2023 தீர்ப்பு. வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹார்வர்டில் ஆசிய வம்சாவளி மாணவர்களுக்கு அநீதி நடக்கிறது என்பதே அங்கே வைக்கப்பட்ட முதன்மை வாதம். அந்தப் பிள்ளைகளின் குறையையும் நாம் தள்ளிவிட முடியாது. ஆனால் விளைவு என்ன? ஸ்மித்துக்குப் பக்கத்து ஊரான ஆம்ஹர்ஸ்டில் உள்ள கல்லூரியில், புதிதாகச் சேர்ந்தோரில் கறுப்பின மாணவர்கள் 11 விழுக்காடாக இருந்தார்கள். தீர்ப்புக்குப் பிறகு 2024இல் அது 3 விழுக்காடாகச் சரிந்தது. ஒரு சிறுபான்மையின் குறையைத் தீர்க்கப் போய் இன்னொரு சிறுபான்மையை வெளியே நிறுத்துவது நீதியாகாது.

தீர்ப்பு எல்லாக் கதவையும் அடைத்துவிடவில்லை. இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் எழுதினால், அதைக் கல்லூரி கருத்தில் கொள்ளலாம் என்று தீர்ப்பே சொல்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவுவதற்கும் தடையில்லை. ஸ்மித் கல்லூரி 2022 முதல் தன் நிதியுதவியில் கடனை நீக்கி, அந்தத் தொகையை மானியமாகவே தரத் தொடங்கியது. மகன் அல்லது மகளின் கல்விக் கடனை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இதன் அருமை தெரியும். இதைக் காப்பதும் வளர்ப்பதும்தான் புதிய தலைவருக்கு உண்மையான சோதனை.

ஆகவே வாசகர்களே, எந்தக் கல்லூரிக்கு எந்தத் தலைவர் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. இவர் காலத்தில் யார் உள்ளே வருகிறார்கள்?
2. பணமில்லாத பிள்ளை கடனில் மூழ்காமல் படித்து முடிக்க வழி உண்டா?
3. நேற்று வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வரலாற்றை இக்கல்லூரி மறைக்கிறதா, ஒப்புக்கொள்கிறதா?

நம் இனத்தவர் ஒருவர் பதவிக்கு வந்தால் பட்டாசு வெடிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. வந்தவர் யாராக இருந்தாலும் மாலை போடுங்கள், கை குலுக்குங்கள். பிறகு இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.