வாவியோரத் தேடலுக்கு அவசரம் எதற்கு?

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ். துணையுடன் இன்னொருவர் தேடும் பொழுதுபோக்கு. 2000 மே 2இல் ஜி.பி.எஸ். துல்லியத்தைக் குறைத்துவந்த ஏற்பாட்டை அமெரிக்கா நிறுத்தியது. மறுநாளே ஒரேகனில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்துவைத்து அதன் ஆள்கூறுகளை இணையத்தில் வெளியிட்டார். கண்டெடுப்பவர் உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால் ஈடாக ஒன்றை வைக்க வேண்டும்.

முதலில் கண்டுபிடிப்பதையும் எண்ணிக்கையையும் பெரிதாக நினைப்போர் உண்டு. ஆனால் விளையாட்டில் காலக்கெடு எதுவும் கிடையாது. சுமார் 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவிக்கு ஆறுதலான தேடலே பொருந்தும். கல்லடிப் பாலத்தில் நிலவு நாளில் மீன்பாடலுக்குக் காது கொடுப்பவர் கைபேசியில் மீற்றர் எண்ணிக்கொண்டு ஓடுவாரா? 1913இல் கட்டப்பட்ட பாலமீன்மடு வெளிச்சவீடு ஒரு மாலைக்குப் போதும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, தொல்பொருட் சின்னம் என்பதால் பெட்டி வைக்க ஏற்றதல்ல. அங்கே கல்வெட்டையோ சுவரையோ பார்த்து விடை சொல்லும், பெட்டியில்லாத வகையே தகும்.

பெட்டியை மண்ணில் புதைப்பது விதிப்படி தவறு. கண்டல் வேர்களை மிதிப்பது விதியில் இல்லாவிட்டாலும் தவறுதான். காணியில் வைப்பதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கும் மீனவருக்கும் முன்கூட்டிச் சொல்லிவைத்தால், புதருக்குள் துழாவுபவரைக் கண்டு எவரும் சந்தேகப்பட மாட்டார்கள். மாரி மழையில் வாவி பெருகும். ஆகவே பெட்டி தண்ணீர் புகாததாகவும், வைத்தவர் அடிக்கடி போய்ப் பார்க்கக்கூடிய தூரத்திலும் இருக்க வேண்டும்.

— ஒரு வாசகர், மட்டக்களப்பு