முற்றத்தைக் கிளறுவது யார்?



தண்ணீர் ஊற்றிப் பார்த்துப் பார்த்து வளர்த்த புல்தரை. காலையில் கதவைத் திறந்தால் அங்குமிங்கும் மண்குவியல்! மரவள்ளிக் கிழங்கும் குதறப்பட்டிருக்கிறது. உடனே கடையில் எலி நஞ்சு வாங்கிவரச் சொல்லத்தானே தோன்றும்? கொஞ்சம் பொறுங்கள். தோண்டுவது யாரென்று முதலில் அறிந்துகொள்வோம்.

மேல்நாடுகளில் புல்தரையைப் பாழாக்குவது ‘மோல்’ எனும் பிராணி. மண்புழுவைத் தேடிச் சுரங்கம் தோண்டும். அது இலங்கையில் இல்லை. நமது வளவுகளில் பெரிய வளை தோண்டி, வாசலில் மண்ணைக் குவித்து வைப்பது பெரும்பாலும் அகழான் அல்லது பெருச்சாளிதான். தானியம், கிழங்கு, குசினிக் கழிவு எல்லாம் தின்னும். நீண்ட கூர்மூக்கும் கெட்ட வாடையுமாகச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறு வேறு. அது கரப்பான், பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுகிறது. அதை அடிக்கவும் வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.

புல் போனால் மீண்டும் முளைக்கும். கவலைப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்குத்தான். எலிகளின் சிறுநீரில் வெளியாகும் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடம்புக்குள் போய்விடும். 2008ஆம் ஆண்டில் நமது நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் சந்தேகிக்கப்பட்டது. 200 பேரளவில் இறந்தனர்.

நஞ்சு வைத்தால் தீர்ந்துவிடாதா என்கிறீர்களா? தவழும் பிள்ளைக்கு அது நஞ்சென்று தெரியுமா? சிங்க் பொஸ்பைட் என்ற எலி நஞ்சுக்கு முறிவு மருந்தே கிடையாது. இரத்தம் உறையாமல் செய்யும் வேறு வகை நஞ்சைத் தின்ற எலி சில நாள் கழித்தே சாகும். அதற்குள் அதைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் ஆபத்து. எலியைத் தின்று உதவுபவற்றையே நாம் கொன்றுவிடுகிறோம்!

இப்படிச் செய்து பாருங்கள்:

1. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது.

2. அதன் அருகே எலிக்கூட்டை வையுங்கள். புதிய பொருளுக்கு எலி அஞ்சும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள், கதவு விழாதபடி கட்டிவிட்டு, சுட்ட தேங்காய்த் துண்டையோ கருவாட்டையோ உள்ளே போடுங்கள். பழகிய பின் பொறியை ஏற்றுங்கள். பிடிபட்டதைப் பக்கத்து வளவில் விடுவது அயலாருக்குச் செய்யும் அநியாயம். வதைக்காமல் விரைவாகக் கொன்று ஆழப் புதைக்கச் சொல்லுங்கள். கையுறை இல்லாவிட்டால் கையில் பொலித்தீன் பை மாட்டிக்கொள்ள வேண்டும்.

3. வெற்று வளைகளைக் கல்லும் உடைந்த ஓடும் போட்டு இறுக்கி மூடுங்கள்.

4. சிரட்டை, விறகு, பழைய பலகைக் குவியல்களை அகற்றுங்கள். மிஞ்சிய சோற்றைக் கானில் கொட்டாதீர்கள். கோழித் தீனியை இரவில் வெளியே விடாதீர்கள். உணவும் மறைவிடமும் இருக்கும்வரை ஒன்று போனால் இன்னொன்று வரும்.

5. தோட்ட வேலைக்கு வெறுங்காலோடு இறங்காதீர்கள். காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கைகால்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இவ்வளவும் செய்த பின், வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் நோவு, கண்சிவப்பு கண்டால் பெனடோலோடு நாட்களைக் கடத்தாதீர்கள். பெரும்பாலும் கிருமி புகுந்து ஒன்று முதல் இரண்டு வாரங்களில் காய்ச்சல் தொடங்கும். “ஈரமண்ணில் வேலை செய்தேன், வளவில் எலி இருக்கிறது” என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நேரத்தோடு மருந்து கிடைத்தால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மண்குவியலைக் கண்டு முகம் சுளித்து, கூட்டித் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி விளையாடும் முற்றம் அல்லவா அது!